வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் சிமென்ட், மணல், ஜல்லி என்றே புலம்பிக்கொண்டிருக்கிறேன். "ஊரிலே நீங்கள் ஒருத்தர்தான் வீடு கட்டுகிறீர்களோ?" என்று ஒரு வாசகி நேரிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் இந்த வாரமும் வீடுதான்... பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக் கூரைக்குக் கான்கிரீட் போட்டோம். அதற்கு முந்தின நாள் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

கான்கிரீட் கூரை போட்டவர்களுக்கு ஒரு சங்கடம் தெரியும். எங்கே லைட், எங்கே ஃபேன் என்று முந்தின நாளே முடிவு செய்தாக வேண்டும். பலகை அடித்து, கம்பி கட்டி, அந்தக் கம்பிகளுக்கு நடுவே வயர் போகிற குழாயையும் லைட்டுக்கான பெட்டியையும் ஃபேன் கொக்கியையும் வைத்துவிட வேண்டும். மறுநாள் கலவையைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது. அப்புறம் மனசு மாறினால் மாற வேண்டியது மனசுதான். கூரை மாறாது.

எங்களுக்கு அந்தக் கவலை இல்லை என்று நினைத்தோம். ஏனென்றால் எங்களிடம் பிளான் இருந்தது!

என் கணவரின் தம்பி சேகர், பம்பாயில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர். போன முறை லீவில் வந்தபோது வீட்டு அளவெல்லாம் குறித்துக்கொண்டு போனான். அப்புறம் தெரிந்தவர் ஒருவர் மூலம் சுருட்டிய பெரிய தாள் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். விரித்தால்... அடடா! நீல மையில் எங்கள் வீடு. அறைகளுக்குள் குட்டிக் குட்டிச் சித்திரங்கள். வட்டத்துக்குள் பெருக்கல் குறி. மூன்று இதழ் பூ. இரண்டு முனையிலும் தடுப்பு வைத்த நீளக் கோடு. வால் முளைத்த பொட்டு. கவிழ்த்து வைத்த கிண்ணம். கோலப் புத்தகம் தோற்றது.

ஒரே ஒரு குறை. எந்தச் சித்திரம் எதைக் குறிக்கிறது என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பாஷை அது. உலகத்தில் உத்திரமேரூரும் இருக்கிறது என்பதை மறந்துவிட்டான்.

கான்கிரீட்டுக்கு முந்தின நாள் காலையில் வயர்மேன் கன்னியப்பன் குழாய்க் கட்டோடு வந்து நின்றார். தாளை என் கணவர் பெருமையாக நீட்டினார். கன்னியப்பன் அதை வாங்கி, நேராகப் பார்த்து, தலைகீழாகப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"சார், நான் பம்பு செட்டு ஆளு. மோட்டாருக்கு லைன் குடுன்னா கண்ண மூடிக்கினு குடுப்பேன். இந்தப் பூ கீது பாருங்க, அது பேனு. மத்ததெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க எங்க வெக்கச் சொல்றீங்களோ அங்க பெட்டி வெச்சிட்றேன். ஆனா சாயந்தரத்துக்குள்ள சொல்லிடுங்க."

"நான் சொல்றேன்" என்றார் என் கணவர்.

அவர் கணக்கு வாத்தியார். இது முக்கியம். வருஷம் முழுக்கப் பையன்களின் பேப்பரில் சிவப்பு மையால் குறி போடுகிறவர். தாளின் மேல் குனிந்தார். நீளக் கோடு டியூப் லைட் என்பதைச் சரியாகவே கண்டுபிடித்தார். பிறகு பெருக்கல் குறிக்கு வந்தார்.

"இது தெரியலையா? தப்புன்னு அர்த்தம். அதுவும் வட்டம் போட்டுத் தப்பு போட்டிருக்கான். நானும் பெரிய தப்புக்கு அப்படித்தான் போடுவேன். அதாவது, இந்த இடத்துல லைட் வெக்காதேங்கறான்."

உங்களில் சிலர் இப்போதே சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். நான் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினேன். கணக்கு வாத்தியார் தப்பென்றால் தப்புதானே?

"சிக்கனம்" என்று மேலும் விளக்கினார் அவர். "ஹாலுக்கு டியூப் லைட் போதும். நம்ம ரூமுக்கு ஒரு டியூப் லைட். சமையல் ரூம்ல வேண்டாம், பூஜை ரூம்ல வேண்டாம், அம்மா ரூம்ல..."

அங்கே நிறுத்தினார். அதற்குள் அம்மா, அதாவது என் மாமியார், பின்னால் வந்து நின்றிருந்தார்.

"என் ரூமுல இன்னா?"

"இல்லம்மா... ஒண்ணும் இல்ல..."

"அதான் கேக்கறேன். ஒண்ணும் இல்லியா?"

அத்தை தாளை வாங்கிப் பார்த்தார். தன் அறை எது என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினோம். வட்டமும் பெருக்கலும் பளிச்சென்று இருந்தன.

"ஓ... உன் ரூமுக்குக் கோடு, எனக்குத் தப்பா? நான் இன்னா ஆந்தையா, இருட்டுல குந்திக்கினு கெடக்கறதுக்கு?"

"அம்மா, பம்பாய்ல எல்லாம் இப்படித்தான்..."

"இந்தக் கிண்ணம் இன்னா? உன் ரூமுல போட்டுக்கீறானே?"

என் கணவர் யோசித்தார். கவிழ்த்த கிண்ணம் மாதிரி, அடியில் இரண்டு குட்டிக் கால்களோடு, எங்கள் படுக்கையறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது அது.

"வாஷ் பேசின்" என்றார். அந்த நேரத்தில் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"உனக்குக் கை கழுவ ரூமுக்குள்ளயே தொட்டி! எனக்கு ஒரு பல்புக்கு வழி இல்ல!"

இந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சேகர் லீவில் வந்தபோது, தன் ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசை என்று அத்தையிடம் சொன்னான். அத்தைக்குத் திருப்புட்குழியில் இருக்கிற தன் அண்ணன் மகள் மேல் ஒரு கண். சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றார். ஊருக்குப் போகும்வரை அவனும் அதற்கு மேல் பேசவில்லை. அப்புறம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

இப்போது அத்தைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தார்.

"நான் பதில் சொல்லலைன்னு பழி தீத்துக்கினான். வாயால சொல்ல தகிரியம் இல்ல, படம் போட்டு அனுப்பிக்கீறான். சரி... நான் வாலாஜாபாத்துக்கே பூட்றேன். எம் பொண்ணு வூட்ல எனக்கு ஒரு பல்பாவது எரியும்."

சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நாங்கள் குடியிருக்கிற பக்கத்து வாடகை வீட்டுக்குப் போய், இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு வந்து, கட்டிட வாசலில் கொட்டியிருந்த மணல் மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். மத்தியானப் பஸ்ஸுக்காக!

"சேகருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே?" என்றேன் கணவரிடம்.

"தெளிவா தப்பு போட்டிருக்கான். இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?" கேட்டால், தெரியவில்லை என்று ஆகிவிடுமே! வாத்தியார் கௌரவம்.

மணல் மேட்டிலிருந்து குரல் வந்தது. "அவன்கிட்ட யாரும் எனக்காகக் கேக்கத் தேவையில்ல."

கன்னியப்பன் பீடியை எடுத்துக்கொண்டு வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார். "பேஜாரா கீது சார். பேசி முடிங்க, வரேன்."

நான் என்ன செய்வேன்? தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். வீடு என்றா சொன்னேன்? சுவர்கள், மேலே பலகை, பலகையைத் தாங்கிச் சவுக்குக் கம்புகள். காட்டுக்குள் நடப்பது மாதிரி அவற்றுக்கிடையில் புகுந்து புகுந்து போனேன். ஒவ்வொரு அறையிலும் நின்று தாளைப் பார்ப்பது, சுவரைப் பார்ப்பது. வாராவாரம் குறுக்கெழுத்துப் போட்டியோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இது பிடிபடாமல் போகுமா என்று ஒரு ரோஷம்.

சமையலறை... பெருக்கல். பூஜை அறை... பெருக்கல். பின்கட்டில் கக்கூஸ்... அங்கேயும் பெருக்கல். சரி, கக்கூஸில் லைட் வேண்டாம் என்கிறான். மாடிப்படி... பெருக்கல். இருட்டில் மாடிப்படி ஏறி மண்டையை உடைத்துக்கொள்ளச் சொல்கிறானா? கேட் தூண்...

நின்றுவிட்டேன்.

கேட் தூணிலும் ஒரு வட்டம், உள்ளே பெருக்கல்!

கொஞ்சம் யோசியுங்கள். வெட்டவெளியில், தெருவோரத்தில் ஒரு தூண். அதில் 'இங்கே லைட் வைக்காதே' என்று யாராவது மெனக்கெட்டு வரைவார்களா? அப்படியென்றால் கிணற்றடியில் போட்டிருக்க வேண்டாமா? மாட்டுக் கொட்டகையில்? எதிர்வீட்டு முருங்கை மரத்தில்? வைக்க வேண்டாத இடமெல்லாம் குறி போடுவதென்றால் பம்பாயில் தாள் போதாதே! இல்லாததை யார் வரைவார்கள்?

திரும்ப ஓடி வந்து தாளைத் தரையில் விரித்தேன். ஒவ்வொரு பெருக்கல் குறியிலிருந்தும் புள்ளி புள்ளியாக ஒரு கோடு வளைந்து போகிறது. எங்கே போகிறது? கதவோரத்தில் இருக்கிற, வால் முளைத்த பொட்டுக்கு. கதவோரத்தில் என்ன இருக்கும்? சுவிட்ச்! சுவிட்சிலிருந்து வயர் போனால் அந்த முனையில் என்ன இருக்கும்?

"அத்தே! லைட்டு! லைட்டு அத்தே!"

கத்திக்கொண்டே எழுந்ததில் சவுக்குக் கம்பில் தலை 'ணங்'கென்று இடித்தது. பொருட்படுத்தவில்லை. வாசலுக்கு ஓடினேன். என் கணவர் பதறிப்போய், "என்ன, ஷாக் அடிச்சுதா?" என்றார். கரண்டே வராத வீட்டில்!

"பெருக்கல்னா தப்பு இல்லீங்க. பெருக்கல்னா பல்பு!"

அவர் தாளைப் பார்த்தார். நான் கேட் தூணைக் காட்டினேன். புள்ளிக் கோட்டைக் காட்டினேன். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியதைப் பார்க்க வேண்டுமே... தன் பேப்பரைத் தானே திருத்திக்கொண்ட வாத்தியாரின் முகம். திடீரென்று வெடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கன்னியப்பன் ஓடி வந்து, என்ன ஏதென்று தெரியாமலே சிரித்தார்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் பையை மணலிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"என் ரூமைக் காட்டு."

நாலு பேரும் அவர் அறையில் போய் நின்றோம். தாளை நான் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"இது லைட்டு அத்தே. பூ, பேனு. கதவாண்ட இது சுவிட்சு. ஆனா... கட்டிலாண்டயும் ஒரு சுவிட்ச் போட்டிருக்காரு. ரெண்டு சுவிட்சுக்கும் ரெண்டு பக்கமும் வால் இருக்கு."

"ஒரு லைட்டுக்கு எதுக்குடி ரெண்டு சுச்சி?"

கன்னியப்பன் எட்டிப் பார்த்தார். "அட, டூ-வே! கதவாண்ட போட்டுட்டு வந்து, கட்டில்ல படுத்துக்கினே அணைக்கலாம் பெரிம்மா."

அத்தை கட்டில் வரப்போகிற இடத்தில் கையை நீட்டி, இல்லாத சுவிட்சை ஒரு முறை தொட்டுப் பார்த்தார்.

தாளில், பின்பக்கக் கதவிலிருந்து கக்கூஸ் வரைக்கும் சுவரோரமாக வரிசையாகப் பல்புகள். அவற்றின் சுவிட்சும் அவர் கட்டிலருகிலேயே. அதற்குப் பக்கத்தில் ஒரு குட்டி வட்டம், நடுவில் புள்ளி. அதிலிருந்து புறப்பட்ட கோடு சுவரைத் தாண்டி, எங்கள் அறைக்குள் வந்து, கவிழ்த்த கிண்ணத்தில் முடிந்தது.

"அதான் சொன்னேனே, வாஷ் பேசின்" என்றார் என் கணவர், கொஞ்சம் சுருதி குறைந்து.

"வாஷ் பேசினுக்கு எதுக்கு சார் வயரு போவுது?" என்றார் கன்னியப்பன்.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கிண்ணம் இல்லை அது. மணி! அத்தை கட்டிலில் படுத்தபடி பொத்தானை அமுக்கினால் எங்கள் அறையில் மணி அடிக்கும்.

அத்தை சுவரில் சாய்ந்துகொண்டார். அப்புறம் தணிந்த குரலில் சொன்னார்.

"அவன் லீவுல வந்தப்ப ஒரு நாளு ராத்திரி மழையில பின்கட்டுக்குப் போனேன். வழுக்கி வுழுந்துட்டேன். எழுந்திருக்க முடியல. கூப்ட்டுக்கினே கெடந்தேன். மழை சத்தத்துல யாருக்கும் காது கேக்கல. சேகருதான் எதுக்கோ எழுந்து வந்தவன் பாத்துத் தூக்கினான். உங்கிட்ட சொல்லாதடான்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கிக்கினேன்."

எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரே வீட்டில் இருக்கிறோம்... எங்களுக்குத் தெரியாது. என் கணவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை அவர் விடவேயில்லை.

அத்தைதான் முதலில் சமாளித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டு, புதுசாகப் படிக்கக் கற்றுக்கொண்ட குழந்தை மாதிரி தாள் முழுக்க விரல் ஓட்ட ஆரம்பித்தார். "இது லைட்டு. இது பேனு. இது சுச்சி. இது டூப் லைட்டு..." விரல் ஹாலைத் தாண்டியதும் நின்றது.

"இது எந்த ரூமு?"

"சேகர் ரூம்மா."

"இதுல இன்னா ஒண்ணுமே காணோம்?"

உண்மைதான். வட்டம் இல்லை, பூ இல்லை, கோடு இல்லை. நாலு சுவர், நடுவில் வெறும் வெள்ளை.

"மறந்திருப்பான்" என்றார் என் கணவர்.

"கேட்டு தூணுக்கு நெனப்பு வெச்சிக்கினு லைட்டு போட்டவன் தன் ரூமை மறப்பானா?" அத்தை தாளை என் கையில் கொடுத்தார். "பம்பாய்க்குப் போன் போடு நைனா. நானும் வரேன்."

பஜாரில் ஒரு நெல் மண்டியில் போன் இருக்கிறது. அர்ஜென்ட் கால் புக் செய்துவிட்டு மூட்டைகளின் மேல் உட்கார்ந்தோம். மணி அடிக்கும் போதெல்லாம் மூவரும் எழுந்து நிற்பதும், அது வேறு ஊர் நெல் விலை கேட்டு வந்த கால் என்று தெரிந்து உட்காருவதுமாக இருந்தோம். கடைசியில் பம்பாய் கிடைத்தது.

"சேகர்! பெருக்கல்னா என்னடா?" என்று என் கணவர் அலறினார். மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"லைட்டுண்ணா! லைட்டு!" வெளியில் நின்றவர்களுக்கே கேட்டது. "ஏண்ணா, என்ன ஆச்சு?"

அதற்குள் அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டார். நான் அவர் தோளோடு ஒட்டிக் காதை வைத்துக்கொண்டேன். வெட்கமில்லாமல்தான்.

"டேய்! அந்தப் பொண்ணு பேரு இன்னாடா?"

லைனில் கரகரப்பு மட்டும் கேட்டது.

"லைன்ல கீறியா?"

"...நிர்மலா."

"உன் ரூமை எதுக்குடா வெறுமனே வுட்ட?"

"அது... நான் வுடலம்மா. கோடெல்லாம் அவதான் போட்டா. இங்க டிராயிங் செக்‌ஷன்ல கீறா. உனக்கு பெல் வெக்கணும்னு சொன்னதும் அவதான். நம்ம ரூமுக்கு என்ன போடலாம்னு கேட்டேன். 'அம்மா வான்னு சொல்லட்டும், அப்புறம் போடலாம்'னுட்டா."

அத்தை போனைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"அவ அங்க கீறாளா? குடு."

என்னென்னவோ தடதடப்பு. யாரோ ஓடுகிற சத்தம். பிறகு மெல்லிய குரலில், மூச்சு வாங்க, "நமஸ்காரம்மா..."

"ம்ம். கேளு. நாளைக்குக் காலைல கான்கிரீட்டு. உன் ரூமுல பேன் எங்க வேணும்? லைட்டு எங்க வேணும்? சீக்கிரம் சொல்லு. மிஷின் வாலாஜாபாத்துல இருந்து வருது, நிக்காது."

அந்தப் பெண் அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் கலந்த ஒரு சத்தம் வந்தது. அந்த நேரம் பார்த்து எக்ஸ்சேஞ்ச் அம்மாள் குறுக்கே வந்து, "டைம் முடிஞ்சிடுச்சு" என்றார்.

"இரும்மா நீ வேற!" என்று அதட்டினார் அத்தை. "மருமவகிட்ட பேசிக்கினு கீறேன் இல்ல!"

மண்டியில் யாரோ கை தட்டினார்கள். என் கணவர் நெல் மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தார். உலகத்தில் எத்தனையோ சம்பந்தம் பேசி முடிக்கிறார்கள்... ஃபேன் கொக்கிக்கு இடம் கேட்டு முடிந்தது எங்கள் வீட்டு சம்பந்தம் ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் சேகர் அறைக்குக் கன்னியப்பன் பெட்டி வைத்தபோது, அத்தை பலகைக்குக் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் இந்தாண்ட... நடுவுல வரணும்பா, அவ சொல்லிக்கீறா" என்று மேற்பார்வை பார்த்தார். மறுநாள் கலவை மிஷின் கடகடத்தது. கூரை நின்றது. ஆட்களுக்கெல்லாம் வடை பாயசத்தோடு சாப்பாடு. வருகிற தையில் கல்யாணம். திருப்புட்குழி அண்ணன் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். பிறகு பந்தல் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. புரியாத குறி எதைப் பார்த்தாலும், முதலில் நம்மைத்தான் திட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். ஏன்? அன்பாக இருக்கலாம் என்ற சந்தேகம் கடைசியில்தான் வருகிறது. அதுவும் தலையை எங்காவது இடித்துக்கொண்ட பிறகு!

இப்போது பிளான் படிப்பதில் அத்தைதான் எங்கள் தெருவுக்கு நிபுணர். போன வாரம் வீடு கட்டுகிற ஒருவர் தன் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறை அறையாகப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, கண்டிப்பான குரலில் கேட்டார்:

"ஏம்ப்பா, பொம்பளைங்க நாளெல்லாம் நெருப்பாண்ட நிக்கறாங்களே, சமையல் ரூமுல பேன் எங்க?"

வந்தவர் வெட்கப்பட்டுப்போய், உடனே வைத்துவிடுகிறேன் என்றார். நான் காபி டம்ளரோடு வாடகை வீட்டுச் சமையலறை வாசலில் நின்றேன். எங்கள் புது வீட்டுச் சமையலறையிலும் ஃபேன் இல்லை. ஆனால் என்ன சொல்லி என்ன... நாங்கள்தான் கான்கிரீட் போட்டுவிட்டோமே!